திண்ணையும் கூடமும்

ஒரு சமூகத்தின் வரலாற்றை அரசர் பெயர்களாலும் போர்களாலும் மட்டும் அறிந்துவிடல் இயலாது. விருந்தினர் வந்தால் எங்கே அமர்த்தப்பட்டார், எவர் வாயிலைக் கடந்து உள்ளே வரலாம், எவர் வெளியே நின்றே பேசிச் செல்லவேண்டும் என்பவற்றையும் நோக்குதல் வேண்டும். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிய நம்மவர் வாழ்ந்த இடங்களை இந்நோக்குடன் ஆராயப் புகுகின்றோம்.

தமிழகத்துப் பழைய வீடு வாயிலிலேயே திண்ணையுடன் கட்டப்பெற்றது. வழிப்போக்கன் அதில் படுத்துறங்குவான். ஆசிரியர் அதிலமர்ந்தே பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். இதனைக் காட்டி நம் முன்னோரின் விருந்தோம்பலைப் புகழ்வோர் பலர். நாமும் அதனை மறுக்கவில்லை. ஆயினும், தீண்டத்தகாதோரென ஒதுக்கப்பட்ட மக்கள் அத்திண்ணையில் ஏறவொட்டாது தடுக்கப்பட்டனர் என்பதையும், உழைத்த கூலியைத் தெருவில் நின்றே பெற்றுச் சென்றனர் என்பதையும் சொல்லாது விடின் அப்புகழ்ச்சி பாதி உண்மையேயாம். ஆடவர்க்குத் திண்ணை, பெண்டிர்க்கு உட்கட்டு என வகுத்ததும் அதே வீடுதான்.

செட்டிநாட்டில் இவ்வமைப்பு மாளிகையளவாக வளர்ந்தது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என நீளும் அவ்வீடுகளைப் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் ஈட்டிய பொருள் எழுப்பிற்று. பர்மாத் தேக்கு அவற்றின் தூண்களாக நின்றது. அப்பொருளை ஈட்டியவர் சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் எவ்வாறு வாழ்ந்தார்? ஒரு பெட்டி, தரையிலமர்ந்து எழுதும் சிறு மேசை, அவற்றைச் சூழ்ந்த சிறிது இடம், அவ்வளவே. பகலில் அது கடை. இரவில் பாய் விரித்தால் படுக்கை. ஊரையே அமர்த்தத்தக்க வளவை ஊரில் கட்டியவர் தம் வாணாளிற் பல ஆண்டுகளைப் பாயளவு இடத்திற் கழித்தது வியப்பன்றோ!

ரப்பர்த் தோட்டத் தொழிலாளிக்கோ ஊரிலும் கூடமில்லை, இங்கும் இல்லை. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்த பின்னரும், கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938இல் இந்திய அரசாங்கத் தடையால் நிற்கும்வரை, வந்தவர்க்கெல்லாம் கிடைத்தது லயத்து அறையே. ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. உறங்குவதும், பிள்ளை பெறுவதும், நோயாளி கிடப்பதும், ஊரிலிருந்து வந்த உறவினரை அமர்த்துவதும் அதற்குள்ளேதான். புதிதாய் மணந்தோர்க்கு நடுவே கட்டிய பழஞ்சேலையே சுவர். பல லயங்களில் தடுப்புச் சுவர் கூரைவரை எட்டாமையால், கணவன் மனைவியரிடையே எழும் பூசல் அடுத்த அறைக்கும் கேட்கும். அந்தரங்கம் என்பது துரையின் பங்களாவில் மட்டுமே இருந்த பொருளாயிற்று.

ஆகவே நம் மக்கள் முன்தாழ்வாரத்தையே கூடமாக்கினர். பால்வெட்டி முடித்து வந்தோர் அங்கே அமர்ந்தனர். படிக்கத் தெரிந்த ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க மற்றையோர் கேட்டனர். 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்ததையும், 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதையும் மேடைகளைக்கொண்டு மட்டும் அளப்பவர் இத்தாழ்வாரங்களை மறந்துவிடுகின்றனர். ஆனால் தோட்டங்கள் பலவற்றில் சாதிக்கொரு லயம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரே ரப்பர் மரவரிசையில் பால்வெட்டியோர், மாலையில் ஒருவர் தாழ்வாரத்தில் மற்றவர் அமர்ந்து நீர் அருந்தத் தயங்கினர். கடல் கடந்தோம், திண்ணையைக் கடக்கவில்லை!

நகரத்தில் நிலைமை வேறு. இராபிள்சு 1822இல் வகுத்த நகரத் திட்டப்படி, கடைவீடுகளின் முன் கூரையுடைய ஐந்தடி நடைபாதை அமைந்தது. அங்கே சாதி பார்த்து ஒதுங்க இடமேது? 1960இல் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின், எளிய மக்களுக்கும் கதவுடைய அறையும் தனிக் கூடமும் வாய்த்தன. 1963இல் தொலைக்காட்சி வந்தது. அப்பெட்டியுள்ள வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நிறைந்தனர். பெண்டிரும் முன்னே அமர்ந்தனர். பின்னர் வீட்டுக்கொரு பெட்டி வந்தது, கதவுகளும் மூடின.

அடுக்குமாடிக் கூடத்தில் கொள்ளாத திருமணமும் இறப்பும் கீழ்த்தளத்தின் திறந்தவெளிக்கு இறங்கின. ஒரு வாரம் மலாய்க் குடும்பத்தின் மண விருந்து, மறுவாரம் சீனர் ஈமச்சடங்கு, பின்னர் நம்மவர் நிகழ்ச்சி என அதே தூண்களுக்கிடையே யாவும் நடைபெறுகின்றன. அங்கே நாற்காலியில் அமர்பவரின் குலத்தை வினவுவார் எவருமிலர். அவரே மாடியேறி நம் கூடத்துக்குப் பெண் கேட்டு வருவாராயின், காப்பி கொடுத்து உபசரித்தபின், "உங்களுக்குச் சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?" என்று மெல்லக் கேட்கும் பெரியவர் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றார்.