சிறு இசைத்தட்டின் வரலாறு

பிழைப்பு நாடி மகாராஷ்டிரம் வந்து சேர்ந்த தமிழன்பர்களுக்கு ஹிஞ்சேவாடியை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. புணே நகருக்கு மேற்கே, முல்ஷி வட்டத்தில் ஒரு சிற்றூராய் இருந்த அவ்விடத்தில் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்காவை அமைத்தது. அதன்பின் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே குடியேறினர். பகலெல்லாம் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் அவர்களுட் சிலர், காதிற் செருகிக்கொண்டு கேட்கும் இசையில் 'எமோ' என்றும் 'மேத் ராக்' என்றும் இரு வகைகள் உண்டு. பெற்றோர் இதனை இரைச்சல் என்று ஒதுக்குவது வழக்கம். ஒதுக்குமுன் அதன் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும்.

இவ்விசைக் குழுவினர் முதன்முதலில் வெளியிடுவது பெரும்பாலும் மூன்று நான்கு பாட்டுகள் மட்டுமே அடங்கிய சிறு வெளியீடாகும். 'ஈ.பி.' என்பது அதன் பெயர். சிறுமை இசைப்பதிவுக்குப் புதிதன்று. அது பிறந்ததே சிறியதாகத்தான். 1902-ஆம் ஆண்டு நவம்பரில், பிரெட் கெய்ஸ்பர்க் என்பார் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். ஓர் இராகத்தை இரவு முழுதும் விரித்துப் பாடவல்ல மரபில் வந்த அம்மையார், சுமார் மூன்று நிமிடத்துக்குள் அதனை அடக்கி, முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறினார். தட்டு ஜெர்மனியில் அச்சாக வேண்டியிருந்தது. பாடியவர் இன்னாரென்று அங்குள்ளோர் அறிய வேண்டுமன்றோ? 1926-இல் எம். எஸ். சுப்புலட்சுமி தம் பத்தாம் வயதில் முதல் தட்டுக்குப் பாடியபோதும் எல்லை அத்துணையே. அக்காலத்துச் சிறுமை யந்திரம் விதித்தது.

1948-இல் நெடுந்தட்டு வந்தது. அதன்பின் யந்திரத்தின் நிர்ப்பந்தம் நீங்கிவிட்டது. ஆயினும் 1949-இல் நிமிடத்துக்கு 45 சுழற்சியுள்ள ஏழங்குலத் தட்டும், சில ஆண்டுகளில் பக்கத்துக்கு இரண்டு பாட்டுகள் கொண்ட ஈ.பி.யும் தோன்றின. நெடுந்தட்டுக்குப் பணமில்லாதவர்களுக்கு அச்சிறு தட்டே புகலாயிற்று.

இதற்கு வாஷிங்டன் நகரம் நல்ல சான்று. 'டீன் ஐடில்ஸ்' என்ற பள்ளிப் பிள்ளைகளின் குழு 1980-இல் கலைந்தது. கச்சேரிகளில் ஈட்டிய சேமிப்பு சுமார் 600 டாலர் கையில் இருந்தது. அதைப் பங்கிட்டுக்கொள்ளாமல், எட்டுப் பாட்டுகளை ஓர் ஏழங்குலத் தட்டில் ஆயிரம் படிகள் வெளியிட்டனர். உறைகளைத் தாமே வெட்டி, மடித்து, ஒட்டினர். 'டிஸ்கார்டு' நிறுவனம் தோன்றிய விதம் இது. அந்நிறுவனம் 1985-இல் வெளியிட்ட 'ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்' குழுவின் பாட்டுகளிலிருந்தே, மனத்துயரை மறைக்காது கூறும் எமோ இசையின் வரலாற்றைப் பலர் தொடங்குவர்.

மேத் ராக் என்பது, பெயருக்கேற்பக் கணக்கு மிகுந்தது. மேனாட்டு மெல்லிசை நான்கின் எண்ணிக்கையிலேயே பெரும்பாலும் நடக்க, இது ஐந்து, ஏழு, பதினொன்று என நடை மாற்றிச் செல்லும். இலினாய்ப் பல்கலைக்கழக மாணவர் மூவர் சேர்ந்த 'அமெரிக்கன் ஃபுட்பால்' குழு, 1998-இல் மூன்றே பாட்டுகள் கொண்ட ஈ.பி.யை வெளியிட்டது; அடுத்த ஆண்டு ஒரு முழுத்தொகுப்பு; 2000-இல் கலைந்துவிட்டது. எமோவின் துயரமும் மேத் ராக்கின் கணக்கும் அவர்களிடம் கலந்திருந்தன. கண்டசாபுவுக்கும் மிச்ரசாபுவுக்கும் தொடையில் தாளம் போட்டுப் பழகியவர் அதைக் கேட்டால், இரண்டாம் வட்டத்திலேயே கணக்குப் பிடிபட்டுவிடும். பிள்ளைகளுக்கு விளங்காத இடத்தைத் தாத்தா விளக்கக்கூடிய அரிய சந்தர்ப்பம் அது!

நம் நாட்டிலும் பாதை இதுவே. 1993-இல் அலகாபாத்தில் அமித் சைகல் தொடங்கிய 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' இதழ் இத்தகைய குழுக்களை ஒன்றோடொன்று அறிமுகம் செய்தது. 1953-இல் பீம்சேன் ஜோஷி தொடங்கிய சவாய் கந்தர்வ விழாவினால் நெடிய கச்சேரிகளுக்குப் பெயர்பெற்ற புணேயில், 2010-இல் 'என்.எச். 7 வீக்கெண்டர்' என்ற சுயேச்சைக் குழுக்களின் விழா பிறந்தது. சென்னையின் 'எஃப் 16ஸ்' குழு 2013-இல் 'கலைடாஸ்கோப்' என்ற ஈ.பி.யை வெளியிட்டு, 2016-இற்றான் முழுத்தொகுப்புக்கு வந்தது. அவர்கள் இசை இவ்விரு வகைக்கும் நேரே உரியதன்று. எனினும் நடந்த வழி ஒன்றே. அலுவலக நேரம் போக எஞ்சும் சனி, ஞாயிறுகளில், கைப்பணத்தைக் கொண்டு நான்கு பாட்டைச் செம்மையாகப் பதிவு செய்வதே பெரும்பாடு.

அவ்வளவு பாடுபட்டுப் பதிந்தவை எங்கே இருக்கின்றன? இதுதான் என் கவலை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சுயேச்சைக் குழுக்கள் தம் பாட்டுகளை 'மைஸ்பேஸ்' என்ற இணையத்தளத்தில் ஏற்றி வைத்தன. 2003 முதல் 2015 வரை சேர்ந்தவை, தளத்தை இடம் மாற்றுகையில் அழிந்து போயின என்று 2019 மார்ச்சில் தெரியவந்தது. அவை 5 கோடிப் பாட்டுகளுக்கு மேல் என்பது மதிப்பீடு. இணைய ஆவணக் காப்பகம் மீட்டது சுமார் 4,90,000 மட்டுமே. கௌஹர் ஜானின் 1902-ஆம் ஆண்டுக் குரலை இன்றும் கேட்கலாம். 2008-இல் ஒரு மாணவர் குழு பாடியது மறைந்திருக்கக்கூடும். அரக்குத் தட்டு உடையும், கீறும். ஆனால் ஆயிரம் வீடுகளில் ஆயிரம் படிகள் இருந்தன. வி. ஏ. கே. ரங்காராவ் போன்ற சேகரிப்பாளர் அவற்றைத் தேடி எடுத்துக் காக்க முடிந்தது அதனாலேயே.

சட்டங்களோடு பழகும் தொழிலில் இருப்பதால் ஒன்று கூறத் தோன்றுகிறது. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கற் சட்டப்படி, நூல் வெளியிடுவோர் முப்பது நாட்களுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். அச்சட்டத்தில் 'நூல்' என்பது தனியே அச்சிட்ட இசைக்குறிப்புத் தாளையும் குறிக்கும். ஹிஞ்சேவாடி இளைஞர் ஒருவர் தம் பாட்டைச் சுரப்படுத்தி ஒரே தாளில் அச்சிட்டு வெளியிட்டால், அது கன்னிமாராவின் அலமாரிக்குப் போய்ச் சேர வேண்டும். அதே பாட்டைப் பாடி ஒலியாக வெளியிட்டால், அச்சட்டம் அதனைக் கேட்பதில்லை.