அகன்ற சக்கரங்களின் சரித்திரம்

1966-ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் மோட்டார்ப் பந்தயத்தின் விதிகள் திருத்தப்பட்டு, எஞ்சினின் கொள்ளளவு ஒன்றரை லிட்டரிலிருந்து மூன்று லிட்டராக உயர்த்தப்பட்டபோது, அதுவரை மெலிந்த சக்கரங்களின்மீது ஓடிப் பழகிய அவ்வண்டிகளுக்குத் திடீரென்று வாய்த்த குதிரைச் சக்தியைத் தரையில் இறக்குவதற்கு உபாயம் தேடவேண்டிய நிர்ப்பந்தம் நிபுணர்களுக்கு உண்டாயிற்று. அவர்கள் கண்ட முக்கிய உபாயங்களுள் ஒன்று டயரை அகலமாக்குவது. அந்தத் தசாப்தம் முடிவதற்குள் பின் டயர்கள் உருளைகளைப்போலப் பருத்துவிட்டன.

உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்பது பள்ளிப் பாடம். ரப்பரோ அந்தச் சூத்திரத்துக்கு முழுதும் கட்டுப்படுவதில்லை. தரையில் படியும் பரப்பைப் பெரும்பாலும் வண்டியின் பாரமும் டயரின் காற்றழுத்தமுமே நிர்ணயிக்கின்றனவாதலால், அகலத்தைக் கூட்டும்போது அப்பரப்புப் பெருகுவதைவிட அதன் உருவம் மாறுவதே அதிகம்: நீளம் குறைந்து குறுக்கே விரிகிறது; வளைவில் வண்டி ஸ்திரமாகத் திரும்புகிறது; உஷ்ணமும் தேய்வும் பரவலாகப் பங்கிடப்படுவதால், பிடிப்பு மிகுந்த மிருதுவான ரப்பரைத் தைரியமாகப் பிரயோகிக்க முடிகிறது. மெய்யான லாபம் இந்தக் கடைசி அம்சத்தில்தான் என்பது என் அபிப்பிராயம்.

1971-இல் வரிப்பள்ளமே இல்லாத வழவழப்பான டயரும் வந்தது. மழைநாளில் அது தண்ணீரைக் கிழிக்கமாட்டாமல் மிதந்துவிடும். பள்ளமிட்ட வேறு டயரை மாட்டியாகவேண்டும்.

அகலத்துக்குக் காற்றின் எதிர்ப்பு என்னும் வரியும் உண்டு. அதைக் குறைக்க எண்ணி, முன்புறம் நான்கு சிறு சக்கரங்களுடன் டிரெல் நிறுவனத்தார் அமைத்த ஆறுசக்கர வண்டிகள் 1976-இல் ஸ்வீடன் பந்தயத்தில் முதலிரண்டு ஸ்தானங்களையும் வென்றன. எனினும், அச்சிறு டயர்களின் அபிவிருத்தி பெரியவற்றைக் காட்டிலும் பின்தங்கியமையால், 1977-உடன் அம்முயற்சி கைவிடப்பட்டது.