கற்பதுக்கை முதல் எரிவாயு மேடை வரை: திண்டுக்கல் வட்டாரத்தில் ஈமமுறைகளின் மாற்றம்

பழனியை அடுத்த பொருந்தலில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் நடத்திய அகழாய்வு நெல்லுக்காகப் பெரிதும் பேசப்படுகிறது. ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் சாடியில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. கரிமப் பகுப்பாய்வில் அதன் காலம் கி.மு. 490 எனத் தெரிந்தது. இக்கட்டுரைக்கு நெல்லைவிட அது வைக்கப்பட்டிருந்த அறையே முக்கியம். பலகைக் கற்களைப் பெயர்த்துக் கொணர்ந்து, நிலத்துக்குள் பெட்டிபோல நிறுத்தி, மூடுகல் ஏற்றிய கற்பதுக்கை அது. தாண்டிக்குடி முதலிய மலையூர்களில் தரைக்கு மேல் பலகைக் கற்களால் எழுப்பிய கல்திட்டைகளுக்கும் இதே போன்ற உழைப்புத் தேவைப்பட்டது. முன்னோர் அனைவரும் இயற்கைக்கு நோகாமல் இறந்தோரை அடக்கினார்கள் என்ற இன்றைய பெருமைப் பேச்சுக்குப் பொருந்தல் இடம் தரவில்லை.

கல்லறை கட்டும் வசதி எல்லோருக்கும் இருந்திருக்காது. சுடுதல், வெட்டவெளியில் இடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியில் கவித்தல் என ஐந்து முறைகளும் ஒரே ஊரில் வழங்கியதை மணிமேகலைக் காப்பியம் காட்டுகிறது. இவற்றுள் சமவெளிக் கிராமங்களில் நிலைத்தவை சுடுதலும் குழியில் புதைத்தலும்தான். துணி சுற்றி, பெட்டியின்றிக் குழியில் இறக்கி, மண் தள்ளி, நாய் நரி தோண்டாதிருக்க மேலே முள் போடுவார்கள். சில ஆண்டுகளில் மேடு தரையோடு தரையாகிவிடும்.

திண்டுக்கல் நகரில் இதற்கு நிகரான மரபு முஸ்லிம்களுடையது. 1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக (படை அதிகாரியாக) வந்தார்; அவருடைய தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான இடமே பேகம்பூர். கபர்ஸ்தானில் (இடுகாட்டில்) கஃபன் எனும் சவத்துணி சுற்றிய உடல் மட்டுமே மண்ணுக்குள் போகிறது. சுமந்து வந்த சந்தூக் (பெட்டி) பள்ளிவாசலுக்குத் திரும்புகிறது. இங்கிலாந்தின் கார்லைல் நகரம் 1993இல் கல்லறைக் கற்களுக்குப் பதிலாக மரக்கன்று நடும் அடக்கத் தோட்டத்தைத் திறந்தபோது அது புதுமை எனப்பட்டது. கல் வைக்காத அந்தப் பாதி நம்மூருக்குப் பழைய செய்தி.

எரிப்பதன் கதை வேறு. விறகுச் சிதை ஒன்றுக்கு 400 முதல் 500 கிலோ வரை விறகு வேண்டும். நம் கிராமங்களில் வரட்டி அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண்ணால் மெழுகி மூட்டம் போடும் வழக்கம் வெப்பத்தை உள்ளே நிறுத்தி விறகை மிச்சப்படுத்துகிறது. பலரும் இதைச் சடங்கென்றே நினைக்கிறார்கள். அது நல்ல சூளை நுட்பம். தமிழக நகரங்களில் வந்த எரிவாயு தகன மேடையும் இதன் நீட்சியே. குறைந்த காற்றில் விறகைப் புகைய விட்டுக் கிடைக்கும் வாயுவால் உடல் எரிகிறது. விறகுச் செலவு பெரிதும் குறைகிறது. சாதிக்கொரு மயானம் என்றிருக்கும் நாட்டில் எல்லோருக்கும் ஒரே மேடை என்பது, என் கணக்கில், விறகு மிச்சத்தைவிடப் பெரிய ஆதாயம்.

ஈமமுறைகள் பிற இடங்களிலும் மாறியுள்ளன. கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் தகனத்துக்கு இசைவு தந்தது. சாம்பலைப் புனித இடத்தில் வைக்கவேண்டும் என்று 2016இல் வலியுறுத்தியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2019இல் உடலை உரமாக்கச் சட்டம் இயற்றியது. தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் உடல் காரநீரில் கரைக்கப்பட்டது. குடிநீருக்கு ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தை நம்பியிருக்கும் திண்டுக்கல்லுக்கு அந்த நீர்முறை ஒத்துவராது.

இங்கே உண்மையில் கேடு செய்வது சிமெண்ட். நேற்றுவரை மண்மேடாக இருந்த இடுகாடுகளில் இன்று டைல்ஸ் பதித்த சமாதிகள் எழுகின்றன, அடுத்தவருக்கு இடமில்லை. புதிய எந்திரங்களுக்குப் பணம் ஒதுக்குமுன், மாநகராட்சியும் ஊராட்சிகளும் பொது இடுகாட்டில் நிரந்தரக் கட்டுமானத்தைத் தடை செய்யட்டும்.