நியதியும் உரிமையும்

யாவும் மாறா நியதியின்வழியே நிகழ்கின்றன என்று கொள்வோர், குடிகட்கு உரிமை வேண்டுமென வாதித்தல் முரணன்றோ என ஐயுறுவார் பலர். ஒல்லாந்து நாட்டு ஸ்பினோசா அவ்விரண்டனையும் ஒருங்கே கொண்டவர்.

1632இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் யூதக் குடியிற் பிறந்த இவரை, 1656 ஜூலை 27இல் அவர்தம் சமயத்தார் சபையினின்றும் விலக்கினர். பின்னர்க் கண்ணாடி வில்லைகள் தேய்த்துச் சீவித்தார். கடவுளும் இயற்கையும் ஒன்றே. மனிதன் தன்னிச்சை என்பது காரணம் அறியாமையின் விளைவே என்பன இவர் துணிபு. அது நமக்கு உடன்பாடன்று. அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா.

1670இல் ஆசிரியர் பெயரின்றி, அச்சிட்ட ஊரும் ஹாம்பர்க் எனப் பொய்யாகக் குறிக்கப்பெற்று, இவரது சமய அரசியல் ஆராய்ச்சி நூல் வெளிவந்தது. அதன்கண் அவர் காட்டும் நெறி வருமாறு: எப்பொருட்கும் அதன் ஆற்றல் எவ்வளவோ அவ்வளவே உரிமை, அரசிற்கும் அஃதே. ஒருவன் தன் செயலை அரசின் ஆணைக்கு ஒப்படைக்கலாம். தானே விரும்பினும் தன் அறிவு துணிவதைப் பிறர்பால் ஒப்படைத்தல் இயலாது. ஆகலின் எண்ணத்தின்மேல் அரசிற்கு ஆற்றலில்லை. ஆற்றல் இல்வழி உரிமையும் இல்லை. அதனை வலிந்து அடக்கின், உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசும் குடிகளே எஞ்சுவர். உரிமையை இங்ஙனம் அரசன் அருளும் கொடையாக்காது நியதியினின்றே பெறுவித்தமை வியக்கற்பாலது.

எனினும், அரசின் அடிப்படை உடன்படிக்கையையே குலைக்கும் கருத்துக்களைத் தடுக்கலாம் என்றும் அவர் இசைந்தார். சொல் எவ்விடத்துச் செயலாகின்றது? அதனை அவர் தெளிவுற வரையறுத்தாரல்லர் என்பதே எம் கருத்து.

அவ்விடர் ஏட்டளவில் நின்றதன்று. அவர் நண்பர் கூர்பாக் என்பார், எழுதிய நூல்களின் பொருட்டுச் சிறைப்பட்டு 1669இல் மாண்டார். பிரெஞ்சுப் படை புகுந்த 1672ஆம் ஆண்டிலோ, குடியரசை நடாத்திய யோகான் டெ விட்டையும் அவர் தமையனாரையும் ஆகஸ்டு 20இல் ஹேக் நகரத்துக் கும்பல் கொன்று சிதைத்தது. முன்னையது அரசின் மிகை. பின்னையது அரசின்மையின் மிகை. கொலைஞரை இழித்தெழுதிய அறிக்கையைக் கொலைக்களத்தே ஒட்டப் புறப்பட்ட ஸ்பினோசாவை, வீட்டுக்காரர் கதவடைத்துத் தடுத்தாரென்று லைப்னிட்ஸ் குறித்துள்ளார்.

அடுத்த ஆண்டு ஹைடல்பர்க் கழகத்திற் பேராசிரியராக வருமாறு அழைப்பு வந்தது. தத்துவம் பேச உரிமை உண்டு. நாட்டுச் சமயத்தைக் கலைத்தலாகாது என்பது அதன் நிபந்தனை. அவ்வுரிமையின் எல்லை யாதெனத் தாம் அறியாமையால் அவர் மறுத்துவிட்டார். 1674இல் ஒல்லாந்து அரசு அவர் நூலை விலக்கியது.

1677 பிப்ரவரி 21இல் அவர் இறந்தபொழுது, அரசியல் பற்றிய பின்னைய நூல் முற்றுப்பெறாதிருந்தது. முடியாட்சியும் மேன்மக்களாட்சியும் விரித்து, குடியாட்சிப் பகுதியைத் தொடங்கி, பெண்டிர்க்கும் ஏவலர்க்கும் அதன்கண் இடமில்லை என்று கூறிய சில பத்திகளோடு அந்நூல் நின்றுவிட்டது.