நங்கூரச் சங்கிலியும் உழைப்பின் விலையும்

சிறு பாய்க்கலமொன்றை நிலைநிறுத்துவது நங்கூரத்தின் எடை மட்டுமன்று. நங்கூரத்தின் அலகு கடலடி மண்ணைக் கவ்வும் தன்மையும், அதன்மீது விழும் இழுவையின் திசையுமே முதன்மையானவை. இழுவை கிடையாக அமையின் அலகு மேலும் புதையும். மேல்நோக்கித் திரும்பின் பெயர்ந்துவிடும். எனவேதான் கயிறாயின் நீராழத்தின் ஏழு மடங்கு வரையும், சங்கிலியாயின் நாலைந்து மடங்கும் நீளம் விடுதல் வழக்கமாயிற்று. சங்கிலி தன் எடையாற் கடலடியிற் படிந்து கிடக்கும். பாறையில் உராய்ந்தாலும் எளிதில் அறாது. கயிறு நெகிழ்ந்து அலையின் அதிர்ச்சியை ஏற்கும். நங்கூரத்தையடுத்துச் சில பாகம் சங்கிலியும், அதன்மேற் கயிறும் பிணைத்தல் இவ்விரு பண்புகளையும் இணைக்கும் முறையாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கப்பல்கள் சணல்வடத்தையே நம்பியிருந்தன. அது ஈரத்தால் உழுத்தது. கூரிய பாறைகளில் அறுந்தது. பிரித்தானியா வேண்டிய சணலிற் பெரும்பகுதியை உருசியாவிலிருந்தே பெற்றது. 1807 இல் உருசியா நெப்போலியனோடு உடன்படிக்கை செய்துகொண்டதும் அவ்வழி நெருக்கடிக்குள்ளாயிற்று. 1808 இல் கடற்படை அதிகாரி சாமுவேல் பிறவுண் ‘பெனிலோப்’ என்னும் கப்பலில் இரும்புச் சங்கிலிகளைப் பொருத்தி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று மீண்டமையை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். தனிமனிதரின் புத்திக்கூர்மையை மாத்திரம் காரணமாகக் கொள்வது வரலாற்றைக் குறுக்குவதாகும்.

சங்கிலியின் வலிமை ஒவ்வொரு வளையத்தின் ஒட்டிலும் தங்கியுள்ளது. ஓர் ஒட்டு விடுபடின் கலமே பறிபோகும். இதனை உணர்ந்த பிரித்தானியப் பாராளுமன்றம், சோதிக்கப்படாத சங்கிலிவடங்களையும் 168 இறாத்தலுக்கு மேற்பட்ட நங்கூரங்களையும் விற்பதை 1864 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கட்டுப்படுத்தியது. சிறுகலத்தின் நங்கூரமோ அவ்வெல்லைக்கு வெளியே நின்றது. அதனைச் செலுத்தியவன் கொல்லனின் கைத்திறனையே நம்பவேண்டியிருந்தது.

அக்கைகளின் நிலை யாது? இங்கிலாந்தின் கிறேட்லி ஹீத் சங்கிலித் தொழிலின் தலைமையிடமாக விளங்கியது. கனத்த கப்பல்வடங்களை ஆடவர் தொழிற்சாலைகளிற் செய்தனர். பெரும்பாலும் பண்ணைகளுக்கு உதவிய மெல்லிய சங்கிலிகளைப் பெண்கள் வீட்டின் பின்புறத்து உலைக்களங்களிற் சம்மட்டியால் அடித்தனர். குழந்தைகளும் அருகிலேயே கிடந்தனர். வாரம் முழுதும் உழைத்துப் பெற்றது ஐந்தாறு சிலிங்கே. 1909 இல் இயற்றப்பட்ட தொழிற்சபைச் சட்டத்தின்கீழ் மணிக்கு இரண்டரைப் பென்ஸ் குறைந்தபட்சக் கூலியாக விதிக்கப்பட்டது. 54 மணிநேர வாரத்துக்கு அது 11 சிலிங் 3 பென்ஸ் ஆகும். முதலாளிகள் பலர், எழுத்தறியாத பெண்களிடம் விலக்குப் பத்திரங்களில் ஒப்பம் பெற்று அதனைத் தள்ளிவைக்க முயன்றனர். மேரி மக்ஆர்தரின் தலைமையில் 1910 ஓகஸ்ற் முதல் ஒக்ரோபர் வரை பெண்கள் போராடி வென்றனர். ஆதரவு நிதியில் எஞ்சிய தொகை, 1912 இல் திறக்கப்பட்ட தொழிலாளர் மண்டபத்துக்குப் பயன்பட்டது.

கப்பலையும் சரக்கையும் காக்கும் இரும்பின் வலிமையை அரசு 1864 இற் சட்டத்தாற் சோதித்தது. சங்கிலி அடிப்பவரின் கூலியைச் சட்டத்துள் கொண்டுவர மேலும் 45 ஆண்டுகள் சென்றன. அந்தச் சட்டமும் தானாக நடைமுறைக்கு வரவில்லை. உலைக்களத்துப் பெண்களே அதனை நடைமுறைப்படுத்தினர். கடல்வரலாற்றை மாலுமிகளின் வரலாறாக மட்டும் எழுதுவோர் மனங்கொளத்தக்கது இதுவே.