நரம்புவழி மரப்புக் குழாய்

எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வலியைத் தணிக்க, கை அல்லது காலுக்குச் செல்லும் நரம்பை ஒட்டிச் செருகப்படும் மெல்லிய குழாய். கதீட்டர் என்றும் வழங்குவர். ஒருமுறை போடும் மரப்பூசியின் பலன் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். நள்ளிரவில் மரப்பு விலகி வலி மொத்தமாக ஏறும். குழாய்வழியே மருந்து தொடர்ந்து சென்றால் இரண்டு மூன்று நாள் வலி அடங்கியிருக்கும்.

1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கோகெய்னால் கண்ணை மரக்கச் செய்தார். அடுத்து நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் அதை நரம்பருகே செலுத்திப் பார்த்தார். தம் உடலிலேயே சோதித்த அவர் கோகெய்னுக்கு அடிமையானார். இத்துறை வளரக் கொடுத்த விலை அது. பாதுகாப்பான லிக்னோகெய்ன் 1943இலும், நீண்டநேரம் நிற்கும் புபிவகெய்ன் 1957இலும் உருவாயின. இடையே 1946இல் ஆன்ஸ்ப்ரோ என்ற மருத்துவர், காரை எலும்புக்கு மேல் குத்திய ஊசியைத் தக்கையில் பொருத்தி அசையாமல் நிறுத்தி, மருந்தைத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். இன்றைய குழாயின் தொடக்கம் அதுவே. நரம்பைத் திரையில் பார்த்தே ஊசி செலுத்தும் அல்ட்ராசவுண்ட் முறையை 1994இல் நிலைநாட்டியவர்களும் வியன்னா மருத்துவர்களே.

தமிழ்நாட்டில் நரம்புவழி மரப்புக்குப் பேர்பெற்றது கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை. 1978இல் அதைத் தொடங்கிய ஜே. ஜி. சண்முகநாதன் மயக்கவியல் மருத்துவர். துண்டான கையை மீண்டும் இணைக்கும்போது குழாய்க்கு இன்னொரு பயனும் உண்டு: மரத்த கையில் இரத்தக் குழாய்கள் விரிவதால் ஒட்டிய பகுதிக்கு ஓட்டம் கூடும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தால் வலிநிவாரணி மார்ஃபின் கிடைப்பதே அரிதாகிப்போன நாட்டில் இத்தகைய மாற்றுவழியின் மதிப்பு பெரிது.

நூற்பாலைகளும் நாற்கரச் சாலையும் உள்ள திண்டுக்கல் சமவெளிக்குக் கை நசுங்குவதும் தொடை எலும்பு முறிவதும் புதிதல்ல. பெரிய சிகிச்சைக்கு மதுரைக்கோ கோவைக்கோ போவது இங்குள்ளோர் வழக்கம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி இந்த அலைச்சலைக் குறைக்கப் பிறந்தது. குழாய் விலை பெரிதன்று. இரவிலும் வந்து பார்க்கும் பயிற்சி பெற்ற கைகளே அரிது. குழாய் இடம் நழுவலாம், கிருமி தொற்றலாம், மரத்த காலோடு எழுந்து நடந்தவர் விழலாம். முறிந்த காலில் தசை அழுத்தம் ஏறினால் எச்சரிக்க வேண்டிய வலியை மரப்பு மறைத்துவிடவும் கூடும். ஆகவே குழாயைப் போட்டுவிட்டுக் கவனிக்காமல் விடுவது, போடாததைவிடத் தவறு.

அறுவைக்கு முந்தைய நாளே மயக்க மருத்துவரிடம், “மரப்பு விட்டபின் வலிக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள்.