காயல்: குதிரைகள் இறங்கிய துறை

குரங்கணிச் சரிவில் வாழும் நாம் ஏலக்காய் விலையைப் பேசாத நாளில்லை. 13-ஆம் நூற்றாண்டில், தாமிரபரணியின் முகத்துவாரத்தில் ஓர் ஊர் குதிரை விலையைப் பேசியே செழித்தது. இன்றைய பழைய காயலே அது.

ஹொர்முஸ், கீஷ், ஏடன் துறைகளின் கப்பல்கள் யாவும் காயலைத் தொட்டன என்று மார்கோ போலோ எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கையே தருகிறார்: பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார், ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியரே விலை தரவேண்டும்! ஜமாலுத்தீனின் சகோதரர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் காயலை நிர்வகித்தார். பாண்டியருக்கு அமைச்சராகவும் விளங்கினார். வந்திறங்கிய குதிரைகளோ பராமரிக்கத் தெரிந்தவரின்றி விரைவில் மடிந்தன. வணிகருக்கு அதில் நட்டமேது? அடுத்த ஆண்டும் வாங்கத்தானே வேண்டும்!

14-ஆம் நூற்றாண்டில் கீஷ், ஹொர்முஸின் கைக்குப் போயிற்று. காயலின் துறையை ஆற்று வண்டல் மெல்லத் தூர்த்தது, கடல் விலகியது, வணிகம் புன்னைக்காயலுக்குப் பெயர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் அங்கே தேடியபோது சீன, அரபுப் பானையோடுகள் மண்ணில் கிடைத்தன. ஊரைச் சூழ இன்று உப்பளங்கள்.